காவிரி தந்த மின்விசை

தங்கவயல் வாழ் தமிழன்பர்களே! 1902 ஜூனில், சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிற் பிறந்த மின்விசை 92 மைல் கடந்து நம் சுரங்கங்களை எய்தியது. திவான் சேஷாத்திரி ஐயர் தொடங்கிய பணி. அந்தோ, 1901-இல் மறைந்த அவர் அதன் நிறைவைக் கண்டாரில்லை!

அத்துணைத் தொலைவில் கம்பியின் தடை மின்விசையை விழுங்கிவிடாதோ? மின்னழுத்தத்தை ஓட்டத்தால் வகுப்பின் தடை. இரண்டையும் பெருக்கின் திறன். 35 லட்சம் வாட் திறனை 3,500 வோல்ட்டில் அனுப்ப 1,000 ஆம்பியர் வேண்டும். 35,000 வோல்ட்டிலோ 100 போதும் (எளிமைக்காக இருகம்பிக் கணக்கே கொண்டோம்). வெப்பமாய் வீணாவது ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவு. ஆதலின் இழப்பு நூறில் ஒன்றாகும். பொறியாளர் ஏறத்தாழ 35,000 வோல்ட்டையே தேர்ந்தனர். பெங்களூர் வீதிகள் 1905-இல் மின்னொளி பெறுமுன்னரே, நம் முன்னோர் இறங்கிய சுரங்கங்களுக்குக் காவிரி உழைத்தாள்.