டர்ஸ்லியின் தூளியும் மட்டாஞ்சேரியின் டபுள் பாரும்

அம்பத்தூரில் 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சைக்கிள் செய்யக் கைகோத்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்கு முன் கொச்சியின் மட்டாஞ்சேரியில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

பஜார் ரோட்டின் மிளகு, சுக்கு மண்டிகளை ஒட்டிச் சாய்ந்து நிற்கும் பழைய பார சைக்கிள்களைப் பாருங்கள். ஹேண்டிலிலிருந்து சீட்டுக்கு ஒரு கம்பி ஓடாது, இரண்டு ஓடும். டபுள் பார். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் இருக்கும் டோபி கானாவின் சலவை மூட்டைகளும் சைக்கிள் கேரியரில்தான் வீடு போய்ச் சேர்ந்தன. டச்சுக்காரர் காலத்தில் வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் அங்கே இன்னும் துணி துவைக்கின்றன.

அந்த இரண்டாவது கம்பி அலங்காரத்துக்கு வைத்ததல்ல. சைக்கிள் ஃபிரேமின் முன்பாகத்தை முக்கோணம் என்று வழக்கத்தில் சொல்கிறோம். ஆனால் ஃபோர்க் நுழையும் முன்குழாய்க்கும் ஒரு நீளம் இருப்பதால் அது உண்மையில் நாற்கோணம். முக்கோணம் எந்த மூலையில் அழுத்தினாலும் வடிவம் மாறாது, நாற்கோணமோ நெளியும். 24 அங்குல உயர வண்டியில் முன்குழாய் இன்னும் நீள்கிறது, நெளிவும் கூடுகிறது. அதை அடக்கத்தான் இன்னொரு கம்பி. அதற்குக் கொடுக்கும் விலை எடை. 20 கிலோவைத் தொடும் வண்டியை மேட்டில் மிதிக்கும்போது தொடை சொல்லும்.

நாற்கோணமே வேண்டாம், எல்லாமே முக்கோணமாக இருக்கட்டும் என்று ஒரு மனிதர் கிளம்பினார். மிகேல் பெடர்சன். 1855-இல் டென்மார்க்கில் பிறந்தவர். கதிரடிக்கும் இயந்திரம், பாலிலிருந்து ஆடை பிரிக்கும் இயந்திரம் என்று கைவைத்த இடமெல்லாம் புதிதாக ஏதாவது செய்தவர். அந்தப் பால் இயந்திரத்தை விற்ற ஆர்.ஏ. லிஸ்டர் கம்பெனி இருந்த, இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற சிறு ஊருக்கே 1893-இல் குடிபோனார். ஆம், நம் வயல்களில் தண்ணீர் இறைத்து, அரிசி மில்களை ஓட்டிய லிஸ்டர் எஞ்சினின் சொந்த ஊர்தான் அது.

எல்லோரும் ஃபிரேமை முடித்துவிட்டு அதன்மேல் சீட்டைப் பொருத்துவார்கள். பெடர்சன் சீட்டில் ஆரம்பித்தார். அன்றைய தோல் சீட்டில் உட்கார முடியவில்லை என்பதுதான் அவருடைய குறை. கயிற்றில் பின்னி, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டிய தூளி போன்ற ஓர் இருக்கையைச் செய்தார். தூளிக்கு முன்னும் பின்னும் உயரமாக இரண்டு பிடிமானம் வேண்டுமே? அந்தத் தேவையிலிருந்து ஃபிரேம் பிறந்தது. இரும்புப் பாலங்களின் சட்டத்தை மனதில் வைத்து, மெல்லிய குழாய்களை இணை இணையாகச் சேர்த்து, முக்கோணத்துக்குள் முக்கோணமாக அடுக்கினார். முதல் வண்டியை மரத்திலேயே செய்து ஓட்டிப் பார்த்தார். குழாய்கள் வளையாமல் இழுவிசையையும் அழுத்தத்தையும் மட்டுமே தாங்கினால் போதும் என்பதால் அவை அவ்வளவு மெல்லியதாக இருந்தும் தாக்குப்பிடித்தன. சைக்கிள் வரலாற்றில் இதைவிட அழகான சிந்தனையை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் வழக்கமான டைமண்ட் ஃபிரேம்தான் ஜெயித்தது. பெடர்சன் வண்டியில் குழாய்கள் அதிகம், அதனால் பற்றவைக்க வேண்டிய மூட்டுகளும் அதிகம், கூலியும் அதிகம். சாதாரண வண்டியில் சீட்டுத் தண்டை ஏற்றி இறக்கினால் அண்ணனும் தம்பியும் ஓட்டலாம். தூளிச் சீட்டின் உயரம் ஃபிரேமோடு பிறந்தது, ஆளுக்கு ஏற்ற அளவில் வண்டியே வேறு வாங்க வேண்டும். ஒரு வண்டியைக் குடும்பமே ஓட்டும் ஊரில் அது செல்லுமா? உடம்புக்கு அவ்வளவு இதமான வண்டி, வீட்டின் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

1905-இல் தயாரிப்பு லிஸ்டர் கைக்குப் போனது. முதல் உலகப் போரோடு நின்றும் போனது. லிஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். விற்காத வண்டியை எத்தனை நாள் செய்வார்கள்? இன்னொரு புதுமையான வண்டியை, படுத்து ஓட்டும் வண்டியை, 1934-இல் பந்தயத்திலிருந்தே விலக்கிய சர்வதேச சைக்கிள் சங்கத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முந்தைய ஆண்டு பிரான்சிஸ் ஃபோர் அதில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டியிருந்தார். தோற்றதால் ஒதுக்கினால் நியாயம், ஜெயித்ததால் ஒதுக்கினார்கள்.

பெடர்சன் 1929-இல் கோபன்ஹேகனில் ஏழையாக இறந்தார். 1995-இல் டர்ஸ்லி மக்கள் அவருடைய எச்சங்களைத் தங்கள் ஊருக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு என் வணக்கம்.

நம் வண்டிகளின் மேல்கம்பிக்குத் திரும்புவோம். அதன் மதிப்பை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளில் மேல்கம்பி கிடையாது. சேலையோடு ஏற வசதி, ஆனால் ஃபிரேம் முறுக்கும். அதற்குத் தட்டுப்பாடு வந்ததும் பலர் ஜென்ட்ஸ் வண்டியை வாங்கினார்கள். ஜென்ட்ஸ் வண்டியையே விரும்பிக் கேட்டவர்களும் இருந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். காரணம், கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். எந்த வரைபடத்திலும் இல்லாத உபயோகம் அது.

அம்பத்தூர் அடுத்த வாரம். அதுவரை ஒரு வேண்டுகோள்: வீட்டில் தாத்தா ஓட்டிய ஹெர்குலிஸோ ராலேயோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்ணையும், விற்ற கடையின் பெயர்த் தகடு இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள்.