இதய அறுவைக்குப் பின் வலியடக்கும் நரம்புத்தடுப்பு

பைபாஸ், வால்வு மாற்றம் போன்ற திறந்த இதய அறுவைகளில் நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்து விரித்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுவார்கள். அதன்பின் நோயாளியை வாட்டுவது பெரும்பாலும் இந்த எலும்பும், வடிகுழாய் நுழைந்த துளைகளுமே. வலிக்குப் பயந்து அவர் மூச்சை மேலோடு இழுப்பார், இருமலை அடக்குவார். சளி தேங்கி நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், நிமோனியாவுக்கு வழி பிறக்கும். ஆகவே வலியடக்குவது இங்கே வெறும் ஆறுதல் அல்ல, மூச்சைக் காக்கும் சிகிச்சை.

மார்பின், ஃபென்டனில் ஆகியவை வலியைக் குறைத்தாலும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் தரும், மூச்சையும் மந்தமாக்கும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது. தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் எபிடியூரல் முறை நன்றாகவே பலன் தரும். ஆனால், இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைக்குமுன் ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுத்தாக வேண்டும். அந்நிலையில் எபிடியூரல் ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கக்கூடும். அரிது என்றாலும், மயக்க மருத்துவர்கள் பலர் அந்த முறையைத் தயங்கி ஒதுக்குவது இதனால்தான்.

தண்டுவடத்தை நெருங்காமல் தசைப்படலங்களுக்கிடையே மருந்தைப் பரப்பும் வழிகள் இந்தத் தயக்கத்தைக் குறைத்தன. கனடாவில் பணியாற்றிய மௌரிசியோ ஃபொரேரோவும் சகாக்களும் 2016இல் விவரித்த ‘எரெக்டர் ஸ்பைனே’ (முதுகுத்தசை) தடுப்பு இவற்றில் முக்கியமானது. அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, ஐந்தாம் மார்பு முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சியை ஊசிமுனையால் தொடுவார்கள். சிறிது உப்புநீர் செலுத்தியதும் தசை எலும்பைவிட்டு மேலெழும்பிக் கருநிறக் கோடு விரிந்தால் இடம் சரி. பிறகு நரம்பை மரக்கச் செய்யும் ரோபிவாகைன் அல்லது புபிவாகைன் மருந்தை இருபுறமும் செலுத்துவார்கள். பெங்களூரு ஜெயதேவா நிறுவன மருத்துவர்கள் 2018இல் இதை எபிடியூரலுடன் ஒப்பிட்டு, ஏற்கத்தக்க மாற்று என்றனர். முதுகில் செலுத்திய மருந்து நெஞ்சின் முன்பக்க நரம்புகளை எவ்வளவு எட்டுகிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

மாறாக, நோயாளி மல்லாந்த நிலையிலேயே நெஞ்செலும்பின் ஓரங்களில் போடும் தடுப்பு நேரடியானது. ஆயினும் அது கீழுள்ள வடிகுழாய்த் துளைகளை எட்டாது. அதற்கு வயிற்றுத்தசை உறையில் தனி ஊசி வேண்டியிருக்கும்.

ஒருமுறை போட்ட மருந்தின் பலன் பல மணி நேரம் நிற்கும். நீட்டிக்க மெல்லிய குழாய் வைப்பதுண்டு. பாராசிட்டமாலும் தொடரும். நரம்புத்தடுப்பு மருந்து அளவு மீறினால் ரத்தத்தில் கலந்து வலிப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் உண்டாக்கலாம் என்பதால், முறிமருந்தாகப் பயன்படும் 20% கொழுப்புக் கரைசலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டே ஊசி போட வேண்டும்.