இரவொளியில் மின்கணக்கு

விண்ணிலிருந்து பூமியின் இரவைப் படம்பிடித்தவர்கள் தேடியது ஊர்களை அல்ல, மேகங்களை. 1960களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய டிஎம்எஸ்பி வானிலைச் செயற்கைக்கோள்களில், மங்கிய நிலவொளியிலும் மேகத்தைக் காணும் அளவுக்கு நுட்பமான உணரிகள் பொருத்தப்பட்டன. மேகமில்லாத இரவுகளில் நகர விளக்குகளும் காட்டுத்தீயும் எண்ணெய் வயல்களில் எரியும் வாயுவும் அவற்றில் தாமாகவே பதிந்தன. 1972 இறுதியில் இராணுவ இரகசியம் விலகியது. மறு ஆண்டே தாமஸ் கிராஃப்ட் அந்த வாயுச் சுடர்களைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1980இல் ராய் வெல்ச் நகர ஒளியை மக்கள்தொகையோடும் எரிசக்திப் பயன்பாட்டோடும் ஒப்பிட்டார்.

அதுவரை எல்லாம் ஃபிலிம் சுருள்தான். 1992 முதல் தரவுகள் எண்வடிவில் சேமிக்கப்பட்ட பிறகே ஆய்வு வேகம் பிடித்தது. கொலராடோவின் போல்டர் நகரில் கிறிஸ்டோபர் எல்விட்ஜ் குழுவினர், பல இரவுகளின் மேகமற்ற படங்களை அடுக்கி, தீயையும் பிற தற்காலிக ஒளியையும் நீக்கி, நிலைத்த விளக்குகளை மட்டும் பிரித்தெடுத்தனர். 1997இல் வெளியான அவர்களது கட்டுரை 21 நாடுகளை எடுத்துக்கொண்டு, ஒளிரும் நிலப்பரப்புக்கும் மின்நுகர்வுக்கும் வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2009இல் இந்திய ஆய்வாளர்கள், எல்விட்ஜும் உடனிருக்க, 1993க்கும் 2002க்கும் இடையே இந்தியாவின் மின்நுகர்வு மாறிய விதத்தை இதே படங்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள்.

ஆனால் அந்த உணரிக்கு 0 முதல் 63 வரைதான் எண்ணத் தெரியும். பெருநகர மையங்கள் எல்லாம் 63இல் போய் முட்டி நின்றன. அதற்கு மேல் எவ்வளவு மின்சாரம் செலவானாலும் படத்தில் மாற்றமில்லை. செயற்கைக்கோளில் அளவுத்திருத்த வசதியும் இல்லாததால், ஒரு செயற்கைக்கோளின் எண்ணை அடுத்த செயற்கைக்கோளின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடவும் முடியவில்லை.

2011 அக்டோபரில் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் விஐஐஆர்எஸ் உணரி இவ்விரு குறைகளையும் பெரிதும் தீர்த்தது. படப்புள்ளியின் அகலம் ஏறத்தாழ 750 மீட்டராகச் சுருங்கியது. என்றாலும் அது ஓரிடத்தைக் கடப்பது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில். கடைகள் மூடி, வீடுகள் உறங்கும் நேரம்! மின்தேவை உச்சம் தொடும் முன்னிரவு அதன் கண்ணில் படுவதே இல்லை.

விளக்கே மாறியது அடுத்த சிக்கல். இந்த உணரி காண்பது 500 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியை மட்டுமே. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி அதற்குள் அடங்கும். வெள்ளை எல்இடியின் நீலப் பகுதி வெளியே நின்றுவிடும். இந்தியா 2015இல் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. இப்படி மாறும் ஊரில் தெரு வெளிச்சமாகவே இருக்க, படம் மங்கக்கூடும்; மின்செலவு குறையும் அளவுக்கே படமும் மங்கும் என்ற உறுதியும் இல்லை. 2019இல் அமெரிக்காவின் டூசான் நகரம் தன் தெருவிளக்குகளின் ஒளியை இரவுதோறும் கூட்டிக் குறைத்துச் செய்த சோதனை இன்னொன்றையும் காட்டியது: நள்ளிரவுக்குப் பின் விண்ணில் பதிந்த ஒளியில் நகராட்சி விளக்குகளின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே இரவொளியை மீட்டராகக் கொள்வதைவிட, மின்சாரம் எங்கே எட்டியது, எப்போது அறுந்தது என்பதற்குச் சாட்சியாகக் கொள்வதே தகும். பிரையன் மின் என்ற ஆய்வாளர் இந்தியாவின் ஏறத்தாழ 6 லட்சம் கிராமங்களின் ஒளியை இருபது ஆண்டுகளுக்குத் தொகுத்தது முதல் வகை. 2017இல் மரியா புயலுக்குப் பின் போர்ட்டோ ரிகோவில் எந்தப் பகுதிக்கு மின்சாரம் தாமதமாகத் திரும்பியது என்று நாசா கண்டறிந்தது இரண்டாம் வகை.

நுகர்வின் மொத்த அளவு வேண்டுமென்றால் நிலத்துக்கே வரவேண்டும். இந்தியாவின் மின்நுகர்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது. கிணற்று மோட்டார் வெளிச்சம் தருவதில்லை. தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் பெறும் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரும் கிடையாது. அவற்றின் நுகர்வு மதிப்பீட்டால்தான் கணக்கிடப்படுகிறது. துல்லியமான கணக்கு மிகவும் தேவைப்படும் அந்த வயல்கள் விஐஐஆர்எஸ் படத்தில் இருட்டாகவே பதிகின்றன.