எட்டு சென்டிமீட்டர் குறைவு

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 1932-இல் வெளிவந்தது. அதில் வரும் பெர்னார்ட் மார்க்ஸின் பூர்வீகத்தைத் தேடினால், ஹக்ஸ்லியின் முதல் நாவலான 'குரோம் யெல்லோ'வில்தான் போய் நிற்க வேண்டும் என்பேன். அது 1921-இல் வந்தது. கிராமத்து மாளிகையொன்றில் கூடிப் பேசிப் பொழுதுபோக்கும் விருந்தாளிகளின் கதை.

அவர்களில் ஸ்கோகன் என்பவர், நாளை அரசாங்கமே குழந்தைகளைப் புட்டிகளில் உருவாக்கும், குடும்பம் ஒழியும் என்கிறார். டெனிஸ் என்ற இளங்கவிஞன், ஒரு பெண்ணின் நோட்டுப்புத்தகத்தில் தன்னைப் பற்றிய கேலிச்சித்திரத்தைக் கண்டு குமைந்துபோகிறான். மாளிகையின் பழங்கதை ஒன்றில், குள்ளரான சர் ஹெர்குலிஸ் தன் உயரத்துக்கேற்ற உலகத்தைச் சுற்றிலும் அமைத்து வாழ்கிறார். நெடிதாக வளர்ந்துவிட்ட மகனே அதைக் குலைக்கிறான். புட்டிக் குழந்தை, கூச்சம், உயரம்: மூன்றும் அப்போதே இருந்தன, ஒன்றோடொன்று ஒட்டாமல்.

தென் பிரான்சின் கடற்கரை ஊரான சனாரியில், 1931-இல் ஹக்ஸ்லி 'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதியபோது அவை ஒரே ஆளாயின. பெர்னார்ட் புட்டியில் பிறந்தவன், மனிதர்களை அடுக்குகளாகப் பிரித்த சமுதாயத்தில் உச்ச அடுக்கான ஆல்ஃபா பிளஸ். ஆனால் அந்த அடுக்குக்குரிய உயரத்தில் எட்டு சென்டிமீட்டர் குறைவு. புட்டியில் தவறுதலாக ஆல்கஹால் சேர்ந்துவிட்டதாம் என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு. கீழடுக்கினர் மதிக்கமாட்டார்களோ என்ற பயத்தில் அவர்களை அதட்டியே வேலை வாங்குகிறான். அந்த அதட்டலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வருகிறது.

ஹக்ஸ்லியோ ஆறடியைத் தாண்டிய நெட்டை. ஆனாலும் உடம்பு ஒருவனைக் கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்துவதை அவர் பட்டு அறிந்தவர். பதின்ம வயதில் வந்த கண்நோய் ஏறக்குறைய குருடாக்கியது; டாக்டராகும் ஆசை போயிற்று; முதல் உலகப் போரில் ராணுவமும் அவரை ஏற்கவில்லை.

அப்படியிருந்தும் பெர்னார்டை அவர் தியாகியாக்கவில்லை. அந்த நேர்மைதான் இந்தப் பாத்திரத்துக்கு உயிர். அந்தச் சமுதாயத்தின்மேல் அவனுக்குள்ள எதிர்ப்பில் பாதி, தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லையே என்ற வலி. அந்தச் சமுதாயத்துக்கு வெளியே வளர்ந்த ஜான் என்ற இளைஞனை லண்டனுக்கு அழைத்துவந்து பேர் கிடைத்ததும் அதே சமுதாயம் இனிக்கிறது. நாடுகடத்தித் தீவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்றதும் மண்டியிட்டு அழுகிறான், பழியை மற்றவர்கள்மேல் போடுகிறான். உடலில் எந்தக் குறையுமில்லாத நண்பன் ஹெல்ம்ஹோல்ட்ஸோ, நன்றாக எழுத வரும் என்று மோசமான வானிலையுள்ள இடத்தைத் தானே கேட்டு, ஃபாக்லாந்து தீவுகளைச் சொன்னதும் ஏற்றுக்கொள்கிறான்.