மலைமேல ஒரு பக்கத்துவீட்டுப் பாட்டி

காரியாபட்டியில பஸ் ஏறினா திருச்சுழி ஒண்ணும் தூரமில்ல. பூமிநாதர் கோயில், குண்டாறு, அப்புறம் ரமண மகரிஷி பிறந்த வீடு. 1879 டிசம்பர் 30-ல அங்க பிறந்த பையன் 1896 செப்டம்பர் 1-ல திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த கதை நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். நான் எழுத வந்தது அவரப் பத்தியில்ல, அவருக்குச் சோறு போட்ட ஒரு கிழவியப் பத்தி.

ஊர்ல அவங்கள கீரைப்பாட்டின்னுதான் கூப்பிட்டாங்க. ரமணர் 1899-லேர்ந்து 1916 வரைக்கும் விருபாட்ச குகையில இருந்தார். அதுக்குச் சற்றுக் கீழ குகை நமச்சிவாயர் கோயில். அங்க ஒரு மண்டபத்துலதான் பாட்டிக்கு ஜாகை. நம்ம கணக்குல பக்கத்து வீடு!

பாட்டியின் சொத்து ஒரே ஒரு மண்சட்டி. மிகைப்படுத்தல, இது ரமணரே பிற்காலத்துல பக்தர்கள்கிட்ட சொன்னது. காலையில அந்தச் சட்டியில வெந்நீர் வச்சுக் குளிக்கிறது. அப்புறம் அதே சட்டியில சோறு, அதே சட்டியில குழம்பு, கீரை. ஒண்ணு முடிஞ்சு இறக்கி வச்சாத்தான் அடுத்தது அடுப்பேறும். விறகு, வறட்டியெல்லாம் மலைச்சரிவுல தானே பொறுக்கிட்டு வருவாங்க. கீரையும் அப்படித்தான். எந்தப் பாறையிடுக்குல எது முளைக்கும்னு அவங்களுக்கு அத்துப்படி. கீழ ஊருக்குள்ள போய் நாலு வீட்டுல அரிசி, பருப்பு வாங்கிட்டு வருவாங்க. சமைச்சதும் முதல்ல சாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டுத்தான் தன் வாயில வைப்பாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு உண்டு. "யாரோ ஒரு புண்ணியவதி ஒரு பிடி நொய் கொடுத்தா, கஞ்சி காய்ச்சினேன்" என்கிற மாதிரிதான் பாட்டி எப்பவும் சொல்வாங்களாம். ஆள் இல்லாத நேரத்துல ரமணர் போய்க் கதவைத் திறந்து பார்த்தா உள்ள சாமானெல்லாம் நிறையவே இருக்குமாம்! வீட்டுல இருக்கிறத இல்லைன்னு சொல்ற கிழவிகள நாமளும் பார்த்திருக்கோம். ஆனா அவங்க கொடுக்காம இருக்கத்தான் அப்படிச் சொல்வாங்க. இந்தப் பாட்டி கொடுத்துக்கிட்டே சொல்லியிருக்காங்க. தான் கொடுக்கிறது பெரிசாத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு நினைச்சாங்களோ என்னவோ. அப்படித்தான் நான் எடுத்துக்கிறேன்.

ரமணரும் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டவர் இல்ல. பாட்டிகூட மலையேறிக் கீரை பறிச்சிருக்கார். மண்டபத்துப் பக்கம் முருங்கைக்கீரை உருவி, ஆய்ஞ்சு கொடுத்துட்டு, சில நாள் அங்கயே சாப்பிட்டும் இருக்கார். உலகத்துல எங்கெங்கிருந்தோ ஆட்கள் தேடி வந்த மனுஷன், ஒரு கிழவிக்குக் கீரை ஆய்ஞ்சிருக்கார்ங்கிறத நினைச்சுப் பாருங்க.

(இந்த வரிசையில எச்சம்மாளையும் சொல்லணும். புருஷன், பிள்ளைகளப் பறிகொடுத்துட்டு 1906-ல திருவண்ணாமலை வந்தவங்க, 1945-ல கண்மூடுற வரைக்கும் அவருக்குச் சோறு கொண்டு வந்தாங்க. அது தனிப் பதிவுக்கு உண்டான விஷயம்.)

1921 வாக்குல கீரைப்பாட்டி இறந்துட்டாங்க. அடிவாரத்துல ஒரு புளியமரத்தடியில அடக்கம் பண்ணினாங்க. அடுத்த வருஷம் மே 19-ல ரமணரின் அம்மா அழகம்மாள் போனதும் அவரும் மலையிலேர்ந்து இறங்கிட்டார். இப்ப இருக்கிற ஆசிரமம் உருவானது அதுக்கப்புறம்தான்.

1926-ல குடியாத்தம் பக்கத்திலேர்ந்து ஒரு பக்தர் பசுவும் கன்னுமா கொண்டு வந்து விட்டார். அந்தக் கன்னுதான் லட்சுமி. பராமரிக்க வசதியில்லாம ஊருக்குள்ள ஒருத்தர்கிட்ட விட்டு வச்சிருந்தாங்க. அங்கிருந்தும் அது தானா நடந்து ஆசிரமத்துக்கு வந்து, நேரா அவர்கிட்டப் போய் நிக்குமாம். கீரைப்பாட்டிதான் திரும்பி வந்திருக்காங்கன்னு பக்தர்கள் பேசிக்கிட்டாங்க.

மறுபிறப்ப நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். எனக்கு அந்தப் பேச்சே போதும். ஒரு சட்டிக் கீரைய அத்தனை வருஷம் கழிச்சும் அங்க மறக்கலயே!

1948 ஜூன் 18-ல லட்சுமி கண்ண மூடின அன்னிக்கு, ரமணர் பக்கத்துல உட்கார்ந்து அது தலையப் பிடிச்சிக்கிட்டிருந்தார். அது விடுதலை அடைஞ்சதுன்னு நாள் நட்சத்திரத்தோட தமிழ்லயே ஒரு வெண்பாவும் எழுதினார். லட்சுமி சமாதி ஆசிரமத்துக்குள்ளயே இருக்கு. திருவண்ணாமலை போனா பார்த்துட்டு வாங்க.