வாசகரை ஏலமிடும் கலை

இணைய இதழ்களை நாம் விலையின்றி வாசிக்கிறோம். அதற்கான விலையை யார், எதற்காகச் செலுத்துகிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் ஹாட்வயர்ட் இணைய இதழ் பட்டை விளம்பரங்களுடன் வெளிவந்தது. அச்சிதழின் வழக்கமே அங்கும் தொடர்ந்தது. இதழ் இடத்தை விற்றது. வாசகர் அனைவரும் ஒரே விளம்பரத்தைக் கண்டனர்.

அதே ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி, இணையக்கடை தன் வாடிக்கையாளரை மறவாதிருக்கும் பொருட்டு 'குக்கி' என்னும் சிறு குறிப்பை உருவாக்கினார். விளம்பரத் துறை அதை வேறு பயனுக்குக் கொண்டது. டபுள்கிளிக் போன்ற நிறுவனங்கள் விளம்பரத்தை இதழிலிருந்து பிரித்துத் தம் வழங்கிகளில் வைத்தன. இதழ் வெற்றிடத்தை மட்டும் விட்டுவைக்கும். நாம் பக்கத்தைத் திறந்ததும் நம் உலாவி அவ்வழங்கியை அழைக்கும். அது குக்கியைப் பார்த்து, நமக்கேற்ற விளம்பரத்தை அனுப்பி, கணக்கிலும் எழுதிக்கொள்ளும். பல இதழ்களுக்கு ஒரே வழங்கி என்பதால், ஓரிடத்தில் கண்டவரை மற்றோரிடத்திலும் அது அறிந்தது.

2009 அளவில் நிகழ்நேர ஏலம் பரவத் தொடங்கியது. பக்கம் திறப்பதற்குள், ஏறத்தாழ நொடியின் பத்திலொரு பங்கில், ஏலம் முடிந்துவிடும். ஏலத்தில் மதிப்பிடப்படுவது இடம் மட்டுமன்று. அதைக் காணவிருக்கும் நாமும்தான். நல்ல கட்டுரையை நாடி வந்த வாசகரை, பின்னர் மலிவான தளமொன்றில் குறைந்த விலைக்கே விளம்பரதாரர் அடையலாம். கட்டுரையை ஆக்கிய இதழுக்கு அதில் பங்கில்லை.

2008இல் டபுள்கிளிக் கூகுளின் உடைமையாயிற்று. இதழ்களுக்கான விளம்பர வழங்கி, ஏலச்சந்தை இரண்டிலும் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் கொண்டது என 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. விலையின்றி வாசிப்பதாக நாம் எண்ணியிருந்த காலமெல்லாம், நம் வாசிப்பே விலைபோய்க்கொண்டிருந்தது.