தருமபுரிக்கு ஏன் டிஎன்பிஎல் டீம் இல்லை? தூத்துக்குடி சாம்பியன் ‘சேலம் ஸ்பார்டன்ஸ்’ ஆன கதை!

டிஎன்பிஎல் சீசன் தொடங்கினாலே தருமபுரி, அரூர், பென்னாகரம் பக்கம் டீக்கடைகளில் ஒரு கேள்வி வந்துவிடும். “நம்ம டீம் எது?” பெரும்பாலும் வரும் பதில், “சேலம் ஸ்பார்டன்ஸ் தான்!” காரணம் எளிது. தருமபுரி பெயரில் டீம் கிடையாது, பக்கத்தில் இருப்பது சேலம். 1965 அக்டோபர் 2 வரை தருமபுரியே சேலம் மாவட்டத்துக்குள் தான் இருந்தது.

ஆனால் அந்த சேலம் டீம் சேலத்தில் பிறந்தது இல்லை. அது தூத்துக்குடி பெயரில் தொடங்கி, முதல் சீசனிலேயே கோப்பையைத் தூக்கிய அணி. அது எப்படி இங்கே வந்தது? வந்த பிறகு என்ன ஆனது? இதனால் தருமபுரி பையன்களுக்கு ஏதாவது பலன் உண்டா? விரிவாகப் பார்க்கலாம்.

டிஎன்பிஎல் எப்போது தொடங்கியது?

ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு 2016, 2017 என இரண்டு ஆண்டுகள் தடை. அந்த இடைவெளியில் தான், 2016 ஆகஸ்ட் 24-ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் டிஎன்பிஎல் தொடங்கியது. ஐபிஎல் மாதிரியே 20 ஓவர் ஆட்டம். மொத்தம் 8 அணிகள். லீக் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 7 ஆட்டம், முதல் 4 இடம் பிடிப்பவர்கள் பிளே-ஆஃப் செல்வார்கள்.

இன்று தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள் இருக்கின்றன. அணிகளோ 8 மட்டும். அணியின் உரிமை தனியார் நிறுவனங்களிடம் இருக்கிறது. எனவே தருமபுரி மட்டுமல்ல, பெரும்பாலான மாவட்டங்களின் பெயரில் டீம் இல்லை.

முதல் சாம்பியன்: டூட்டி பேட்ரியாட்ஸ்

2016-ல் தூத்துக்குடி பெயரில் களமிறங்கிய அணி ஆல்பர்ட் டூட்டி பேட்ரியாட்ஸ். தினேஷ் கார்த்திக், அபினவ் முகுந்த், கௌஷிக் காந்தி, வாஷிங்டன் சுந்தர், லட்சுமிபதி பாலாஜி என வலுவான பட்டாளம்.

சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் டூட்டி அடித்தது 215 ரன். சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 93 ரன்னுக்கு ஆல் அவுட். 122 ரன் வித்தியாசத்தில் வென்று, டிஎன்பிஎல் வரலாற்றின் முதல் சாம்பியன் ஆனது டூட்டி.

2017-லும் இறுதிப் போட்டிக்கு வந்தது. ஆனால் இந்த முறை சேப்பாக் பழி தீர்த்துக்கொண்டது. அந்த சீசனில் டூட்டிக்கு ஓப்பனிங் இறங்கி கலக்கிய வாஷிங்டன் சுந்தர், அதே ஆண்டு டிசம்பரில் இந்திய அணிக்கு அறிமுகமானார். 2018, 2019 சீசன்களில் டூட்டியால் இறுதிப் போட்டியை எட்ட முடியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். தொடக்க சீசன் ஆட்டங்கள் நடந்தது சென்னை சேப்பாக்கம், திண்டுக்கல் நத்தம் என்பிஆர் கல்லூரி, திருநெல்வேலி சங்கர் நகர் ஆகிய 3 மைதானங்களில் மட்டுமே. அதாவது, தூத்துக்குடி பெயரில் கோப்பை வென்ற அணி அந்த சீசனில் தூத்துக்குடியில் ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை!

சேலத்துக்கு எப்படி வந்தது?

2020 சீசன் கொரோனாவால் நடக்கவில்லை. அதற்கடுத்து 2021-ல் தொடர் திரும்பியபோது பழைய பெயர்கள் சில காணாமல் போயிருந்தன. டூட்டி பேட்ரியாட்ஸ் ‘சேலம் ஸ்பார்டன்ஸ்’ ஆகியிருந்தது. காரைக்குடி காளை ‘திருப்பூர் தமிழன்ஸ்’ ஆனது. காஞ்சி வீரன்ஸ் ‘நெல்லை ராயல் கிங்ஸ்’ ஆனது.

இதில் நெல்லை அணியின் கதை இன்னும் சுவாரஸ்யம். அது முதலில் திருவள்ளூர், பிறகு காஞ்சி, கடைசியில் நெல்லை. மூன்று ஊர் பார்த்த டீம்! 2016-ல் காஞ்சி வாரியர்ஸ் என்று இருந்த அணி அதற்கு முன்பே திருச்சிக்குப் போய்விட்டது. கணக்குப் போட்டால், தொடங்கிய 8 அணிகளில் சரிபாதி, அதாவது 4 அணிகள் ஊர் மாறிவிட்டன. சேப்பாக்கம், கோவை, மதுரை, திண்டுக்கல் மட்டும் அதே ஊரில் நிற்கின்றன.

இப்போ ஒரு கேள்வி. 2016 கோப்பை யாருக்குச் சொந்தம்? பட்டியலில் சாம்பியன் பெயர் டூட்டி பேட்ரியாட்ஸ் தான். அந்த அணியின் தொடர்ச்சி சேலம் ஸ்பார்டன்ஸ். ஆனால் சேலம் என்ற பெயரில் இதுவரை கோப்பை வரவில்லை.

சேலம் பெயரில் ஆட்டம் எப்படி?

உண்மையைச் சொல்லணும்னா, சுமார் தான். 2021 முதல் 2025 வரை 5 சீசன். ஒரு முறை கூட பிளே-ஆஃப் செல்லவில்லை.

முதல் சீசனே சோதனை. கொரோனா கட்டுப்பாடுகளால் 2021 ஆட்டங்கள் எல்லாம் சென்னையிலேயே நடந்தன. சேலம் என்று பெயர் வைத்த அணி சேலத்தில் ஆடவே இல்லை. தொடக்க ஆட்டத்தில் கோவை கிங்ஸின் 19 வயது இளைஞர் ஒருவர் 43 பந்தில் 87 ரன் விளாசினார். மழையால் ஆட்டம் கைவிடப்பட்டது. அந்த இளைஞர் தான் இன்றைய இந்திய வீரர் சாய் சுதர்சன்.

2023 ஜூன் 13-ல் சேலம் அணி இந்தியா முழுக்க டிரெண்ட் ஆனது. ஆனால் சந்தோஷமான காரணத்துக்காக இல்லை. கோவையில் சேப்பாக் அணிக்கு எதிராக கேப்டன் அபிஷேக் தன்வர் கடைசி ஓவரை வீசினார். இன்னிங்ஸின் கடைசி பந்து தான் பாக்கி. ஒரு நோ-பால். அடுத்த நோ-பாலில் சிக்ஸர். மூன்றாவது நோ-பாலில் 2 ரன். பிறகு ஒரு வைடு. ஒருவழியாக சரியான பந்து விழுந்தது, அதுவும் சிக்ஸர். கணக்கில் ஒரே ஒரு பந்து, போனது 18 ரன்! சேப்பாக் 217 ரன் எடுத்தது. சேலம் 52 ரன்னில் தோற்றது.

அதே ஊர் மாறிய திருப்பூர் தமிழன்ஸ் என்ன செய்தது தெரியுமா? 2025 இறுதிப் போட்டியில் திண்டுக்கல்லை 118 ரன்னில் வீழ்த்தி கோப்பையை வென்றது. அந்த சாம்பியன் அணியில் இருந்தவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன்!

சேலம் பையன், வேற டீம்: ஏன் இப்படி?

டிஎன்பிஎல்-ல் ஒரு ஊர்க்காரர் அந்த ஊர் டீமில் தான் ஆட வேண்டும் என்பது இல்லை. முதலில் டிராஃப்ட் முறையில் வீரர்களைப் பிரித்துக்கொண்டார்கள். 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் முதல்முறையாக ஏலம் நடந்தது. ஒரு அணிக்கு 70 லட்சம் ரூபாய் வரம்பு. அதிக விலைக்குப் போனவர் சாய் சுதர்சன், 21.6 லட்சம் ரூபாய்.

நடராஜன் 2016-ல் ஆடியது திண்டுக்கல் டிராகன்ஸுக்கு. அன்று அவர் யாரை மடக்கினார் தெரியுமா? இன்றைய சேலம் அணியின் முன்னோடியான அதே டூட்டி பேட்ரியாட்ஸை! சூப்பர் ஓவரில் வரிசையாக யார்க்கர் இறக்கி, அபினவ் முகுந்த், வாஷிங்டன் சுந்தரைக் கட்டிப் போட்டார். டிவியில் வந்த அந்த யார்க்கர்கள் அவர் வாழ்க்கையை மாற்றின. 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை 3 கோடிக்கு எடுத்தது பஞ்சாப். 2020-21 ஆஸ்திரேலியா தொடரில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

அதேபோல சேலம் மாவட்டத்திலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் பெரியசாமி, 2019 இறுதிப் போட்டியில் 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்து கோப்பையை வாங்கிக் கொடுத்தது சேப்பாக்குக்கு.

ஆக, வாய்ப்பு கொடுத்தது ஊர் பெயர் இல்லை. டிவியில் தெரியும் ஒரு மேடை.

அப்போ தருமபுரிக்கு என்ன லாபம்?

பெயர் மாறலாம், டீம் நாளைக்கு வேறு ஊருக்கும் போகலாம். ஆனால் மைதானம் நகராது. வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானத்தை 2020 பிப்ரவரி 9-ல் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். ராகுல் டிராவிட்டும் வந்திருந்தார். 2022 முதல் டிஎன்பிஎல் ஆட்டங்கள் இங்கே நடக்கின்றன. 2024 சீசனின் தொடக்க ஆட்டமே இங்கு தான்.

தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் வழியாக சேலம் சுமார் 65 கி.மீ., அங்கிருந்து வாழப்பாடி சுமார் 30 கி.மீ. அரூர்க்காரர்கள் மஞ்சவாடி கணவாய் இறங்கி, அயோத்தியாப்பட்டணத்தில் திரும்பினால் போதும், சேலம் டவுனுக்குள் போக வேண்டாம். முன்பு இதே ஆட்டத்தை நேரில் பார்க்க திண்டுக்கல்லோ சென்னையோ போகணும்.

பார்க்கிறது சரி, ஆடுவது எப்படி? முதல் படி மாவட்ட கிரிக்கெட் சங்கத்தின் லீக். அடுத்து மாவட்டங்களுக்கு இடையிலான வயதுப் பிரிவு போட்டிகள். அதிலிருந்து சென்னை டிவிஷன் லீக். அங்கே கண்ணில் பட்டால் தான் டிஎன்பிஎல். முதல் ஏலத்தில் குறைந்தபட்ச அடிப்படை விலை 1.5 லட்சம் ரூபாய். டென்னிஸ் பாலில் ஆடிக்கொண்டிருந்த நடராஜனும் சென்னை போய் லீக் ஆடித் தான் மேலே வந்தார்.

ஒரு பார்வையில்…

2016: டூட்டி பேட்ரியாட்ஸ் சாம்பியன்
2017: இறுதிப் போட்டியில் தோல்வி
2020: வாழப்பாடி மைதானம் திறப்பு, சீசன் ரத்து
2021: சேலம் ஸ்பார்டன்ஸ் என்ற பெயரில் முதல் சீசன்
2022: சேலத்தில் முதல் டிஎன்பிஎல் ஆட்டங்கள்
2023: ஒரே பந்தில் 18 ரன்
2021-2025: பிளே-ஆஃப் செல்லவில்லை

தருமபுரி பெயரில் ஒரு டீம் வந்தால் சந்தோஷம் தான். ஆனால் அதைவிட முக்கியம், தருமபுரியில் பந்து வீசும் ஒரு பையன் வாழப்பாடி மைதானத்தில், ஏதாவது ஒரு டீம் ஜெர்சியில், கையில் பந்தோடு நிற்பது. அந்த ஜெர்சியில் எந்த ஊர் பெயர் இருந்தால் என்ன?